வேலைக் காலத்தில் கரைந்துபோகும் அந்த இரண்டரை கிலோ

வாசகி கேட்டது:

"வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது, உயரம் 155 செ.மீ. விவசாயம்தான் பிழைப்பு. எங்கள் பெண்கள் குழுவில் 14 பேர் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் காசு சேர்த்து ஒரு எடை மெஷின் வாங்கினோம். மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் எடை பார்த்து நான் நோட்டில் எழுதி வைக்கிறேன். விதைப்பு ஆரம்பித்துக் களையெடுப்பு முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இரண்டு, இரண்டரை கிலோ குறைந்துவிடுகிறது. நான் 47 கிலோ இருந்தேன், இப்போது 44.5. அறுவடை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப ஏறிவிடும், போன வருடமும் இப்படித்தான். வேலை நாளில் இளைக்கத்தானே செய்யும் என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பேருக்கு அந்த மாதங்களில் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பம், அவளுக்கும் இரண்டு மாதமாக எடை கூடவே இல்லை. மருத்துவமனைக்குப் போனால் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். டிவியைத் திறந்தால் எடையைக் குறைக்கத்தான் வழி சொல்கிறார்கள். இது இயல்பா, நோயா? குழுவில் மூத்த அக்கா ஒருவருக்கு மட்டும் விதைப்புக்கு முன்னால் பார்த்த எடை முதல் வருடம் 46, அடுத்த வருடம் 44, இந்த வருடம் 42.5. வயதாகிறது, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்கப் போகிறேன். அந்த அக்காவை இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மற்ற 13 பேருக்கு நடப்பது வேறு, அவருக்கு நடப்பது வேறு. உங்களுக்கெல்லாம் போகிற எடை திரும்பி வருகிறது, அவருக்கு வரவில்லை. வேலை குறைந்து, வீட்டில் தானியம் இருக்கிற நல்ல மாதங்களில்கூட அவர் உடம்பு தேறவில்லை என்றால், அதை வேலையின் மேலோ வயதின் மேலோ போட்டுவிட முடியாது. 46 கிலோவில் மூன்றரை கிலோ என்பது உடம்பில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறதா, தாகமும் சிறுநீரும் அதிகமாக இருக்கிறதா, விழுங்கும்போது தடங்கல் உண்டா, மலத்தில் ரத்தம் போகிறதா, சாப்பாட்டின் மேல் ஆசையே விட்டுப்போனதா, யாரிடமும் பேசாமல் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறாரா, இதையெல்லாம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். சளிப் பரிசோதனை, சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, இவ்வளவாவது பார்த்தாக வேண்டும். போகும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். "இளைத்துவிட்டார்" என்று வாயால் சொன்னால் மருத்துவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். தேதி போட்டு எழுதிய மூன்று எண்களை நீட்டினால் அப்படி விட மாட்டார்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது இயல்பா, நோயா? இரண்டும் இல்லை. உங்கள் உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது, அது தான் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்கிறது. வெளியே போகிற சக்தி உள்ளே வருகிற சாப்பாட்டைவிட அதிகமாக இருந்தால், வித்தியாசத்தைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வருடா வருடம் நடக்கிறது, எல்லோருக்கும் நடக்கிறது என்பதால் அது பரவாயில்லை என்று ஆகிவிடாது. ஒரு கடனை வருடா வருடம் வாங்கி வருடா வருடம் அடைக்கிற குடும்பத்தைப் பார்த்து "இவர்களுக்குப் பணக் கஷ்டமே இல்லை" என்று யாராவது சொல்வார்களா?

கணக்கைப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் நீங்கள் கணக்கு எழுதுகிறவர். 47 கிலோ எடையும் உங்கள் வயதும் உள்ள ஒரு பெண் ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும், இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்பு சூடாக இருக்க என்று சுமார் 1,200 கலோரி செலவாகும். வீட்டு வேலையும் லேசான வெளி வேலையும் மட்டும் உள்ள மாதத்தில் இது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகும், 1,920 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் குனிந்து நடவும் களையெடுப்பும் செய்கிற மாதத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும், அதாவது 2,400. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் கடும் உழைப்பு என்று வகைப்படுத்துவது இந்த இரண்டு மடங்கிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு மேலேயும் போகும். ஆக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 கலோரி கூடுதல் தேவை. இரண்டு மாதத்துக்குப் பெருக்கினால் 28,800. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,000 கலோரி இருக்கிறது. கூடுதலாக ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை என்றால் நாலு கிலோ போயிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டரை கிலோதான் குறைந்திருக்கிறது, அதாவது கொஞ்சம் கூடச் சாப்பிட்டிருக்கிறீர்கள், அல்லது முடிகிற இடத்தில் உடம்பைக் கொஞ்சம் மெதுவாக்கியிருக்கிறீர்கள். பாக்கியை உங்கள் உடம்பே கொடுத்திருக்கிறது.

இதே கணக்கைத் தானியமாக மாற்றிப் பாருங்கள். எந்தத் தானியமாக இருந்தாலும் ஒரு கிலோவுக்குச் சுமார் 3,500 கலோரி. அந்த 28,800 கலோரி என்பது எட்டு கிலோ தானியம்! ஒரு பெண்ணுக்கு, இரண்டு மாதத்துக்கு, எட்டே கிலோ. ஒரு மூட்டையில் ஒரு மூலைகூட இல்லை. இதை முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை. மூட்டை மூட்டையாக விளைவிக்கிறவளுக்கு அந்த எட்டு கிலோ சரியான மாதத்தில் கையில் இருப்பதில்லை.

ஏன் இருப்பதில்லை என்பதுதான் விஷயமே. வேலை மிகக் கடுமையாக இருக்கிற மாதமும் வீட்டில் சாப்பாடு மிகக் குறைவாக இருக்கிற மாதமும் ஒரே மாதமாக அமைந்துவிடுகிறது. போன அறுவடையில் வந்தது தீர்ந்துகொண்டிருக்கும், அடுத்தது இன்னும் பூமிக்குள் இருக்கும். அறுவடையின்போது மலிவாக விற்றதை இப்போது விலை ஏறிய நேரத்தில் வாங்க வேண்டியிருக்கும், கையில் இருந்த காசு விதைக்கும் உரத்துக்கும் போயிருக்கும். மழைக்காலம் வேறு, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொசுவால் வருகிற நோய்களும் அப்போதுதான் தலைதூக்கும். விறகு நனைந்து கிடக்கும், இருட்டோடு கிளம்பிப் போய் இருட்டோடு திரும்புகிறவளுக்கு அடுப்பை ஊதி இரண்டு வேளை சமைக்கத் தெம்பு இருக்காது. ஆண்களும் இந்த மாதங்களில் இளைக்கத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வயல் வேலை முடிந்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது. உங்களுக்கு வயலுக்கு முன்னால் ஒரு வேலைநாள், வயலுக்குப் பின்னால் ஒரு வேலைநாள். தண்ணீர் சுமப்பதும் மாவு இடிப்பதும் ஓய்வாகப் படுத்திருப்பதைவிட நாலைந்து மடங்கு சக்தியை எடுக்கிற வேலைகள், அதை யாரும் வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் இது ஏன் படுவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடம் முன்பே இதை எழுதிவிட்டார். அதிகாரிகளும் நிபுணர்களும் கிராமத்துக்குப் போவது பெரும்பாலும் மழை ஓய்ந்து, சாலை காய்ந்து, அறுவடை முடிந்த பிறகுதான். அப்போது பார்த்தால் எல்லோரும் கொஞ்சம் தேறி, சிரித்த முகமாக இருப்பார்கள். வயிறு காய்கிற மாதத்தில் சாலை சேறாக இருக்கும், யாரும் வர மாட்டார்கள். உங்கள் நோட்டில் அந்த மாதங்களும் இருக்கின்றன, அதனால்தான் அதை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் எடையை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து ஒரு எண் சொல்வார்கள், பி.எம்.ஐ. என்று. 18.5-க்குக் கீழே போனால் உடம்பில் சக்தி இருப்பு போதவில்லை என்று அர்த்தம். 47 கிலோவில் உங்களுடையது 19.6. இப்போது 44.5-ல் சரியாக 18.5, கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். இன்னும் அரை கிலோ போனால் கோட்டுக்குக் கீழே. ஆகவே டிவியில் எடை குறைக்கச் சொல்கிறவர்கள் பேசுவது உங்களைப் பார்த்து இல்லை. உங்கள் குழுவில் 65, 70 கிலோ உள்ளவர் யாராவது இருந்து அவருக்கு இரண்டு கிலோ குறைந்தால் அதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஒரே இரண்டு கிலோதான், ஆனால் யாருடைய உடம்பிலிருந்து போகிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தமே மாறிவிடுகிறது.

இதில் எல்லோரும் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. மிகவும் ஒல்லியான பெண்ணுக்குச் சில சமயம் எடை அதிகம் குறையாது. நோட்டில் பார்த்தால் "இவளுக்கு ஒன்றும் இல்லை" என்று தோன்றும். உண்மையில் அவளிடம் கொடுக்க இருப்பே இல்லை, அதனால் உடம்பு வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறது. வரப்பில் அடிக்கடி உட்காருவாள், வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துவிடுவாள், குழந்தை மடியில் ஏறி விளையாடக் கூப்பிட்டால் "போம்மா, அப்புறம்" என்பாள். நான் பார்த்த ஒரு பெண் அப்படித்தான். மூன்று மாதமாக எடை 38 கிலோவிலேயே நின்றது, பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன். ஒரு நாள் அவளுடைய எட்டு வயது மகள், "அம்மா இப்போதெல்லாம் பேசவே மாட்டேங்குது, வந்தவுடனே படுத்துக்குது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து எடை எழுதுகிற பக்கத்திலேயே "சோர்வாக இருக்கிறாளா" என்றும் ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறேன். மெஷின் இல்லாத இடத்தில் ஒரு சாதாரண தையல் டேப் போதும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அளந்தால், மேல்கைச் சுற்றளவு 22 செ.மீ.-க்குக் குறைவாக இருக்கிற பெண்ணைத் தனியாகக் கவனிக்க வேண்டும், கர்ப்பிணியாக இருந்தால் 23-க்குக் குறைவு.

எடை பார்க்கிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வயலிலிருந்து நேராக வந்த ஒருத்தியை நனைந்த துணியோடு, சேற்றுக் காலோடு மெஷினில் ஏற்றி எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். போன மாதத்தைவிட ஒரு கிலோ கூடுதல் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், ஈரத் துணியும் சேறும்தான் அந்த ஒரு கிலோ. இன்னொரு பக்கம், வெயிலில் வேலை செய்து வேர்வையாக ஒரு லிட்டர் தண்ணீர் போனால் எடை ஒரு கிலோ குறைத்துக் காட்டும், அது இளைப்பே இல்லை. காலையில், கழிவறை போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல், ஏறக்குறைய ஒரே மாதிரித் துணியில், கெட்டியான சமதரையில் வைத்துப் பாருங்கள். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குடத்தைக் காலியாக ஒரு தடவை, பத்து லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி ஒரு தடவை வையுங்கள். சரியாகப் பத்து கிலோ வித்தியாசம் வர வேண்டும்.

மாதவிலக்கு தள்ளிப்போகிற அந்த இரண்டு பேருக்கு வருகிறேன். முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது இல்லை என்றால், கடும் வேலைக் காலத்தில் சினைப்பையின் வேலை மந்தமாவது பல நாடுகளில் அளந்து பார்த்த விஷயம். காங்கோவின் இட்டூரிக் காட்டுப் பகுதியில் விவசாயம் செய்கிற லேசே இனப் பெண்களிடம் பீட்டர் எலிசன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் எச்சிலில், சினைப்பை சுரக்கிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளந்தார்கள். பஞ்ச மாதங்களில் எடை குறையக் குறைய அதுவும் இறங்கியது. அது சாப்பாட்டுக் குறை என்று சொல்லிவிடலாம். ஆனால் போலந்து நாட்டில், நன்றாகச் சாப்பிடுகிற விவசாயப் பெண்களிடம் 1990-களில் அளந்தபோதும், அறுவடைக் காலத்தில் அதிகம் உழைத்தவர்களுக்கு அதே ஹார்மோன் குறைந்திருந்தது. சாப்பாடு சரியாக இருந்தாலும் மிதமிஞ்சிய உடலுழைப்பு மட்டுமே அதைச் செய்ய முடியும் என்று அதிலிருந்துதான் தெரிந்தது. வேலை குறைந்ததும் சுழற்சி சரியாகிவிட்டால் பயம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் வரவே இல்லை என்றாலும், அதற்கு நேர்மாறாக ரத்தம் அதிகமாகக் கொட்டுகிறது என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து மாதக் கர்ப்பிணிதான் உங்கள் குழுவிலேயே அவசரமானவர், அக்காவுக்கு அடுத்தபடி. அவருக்காக உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில் கெனெபா என்று ஒரு கிராமம். 1949-ல் இயன் மெக்ரெகர் என்ற மருத்துவர் அங்கே மக்களின் உடல்நலத்தை அளக்க ஆரம்பித்தார், அந்த வேலை இன்றுவரை தொடர்கிறது. அங்கே ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை. அதையே பசிக் காலம் என்று சொல்கிறார்கள். அந்த மாதங்களில் பெண்களின் எடை இறங்குவதும், அப்போது பிறக்கிற குழந்தைகள் மற்ற மாதங்களில் பிறப்பவர்களைவிட 200, 300 கிராம் குறைவாக இருப்பதும் வருடா வருடம் பதிவாகியது. உங்கள் நோட்டில் இருக்கிற அதே கதை.

பிறகு சுற்று வட்டாரத்தில் 28 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது, 1997-ல் அதன் முடிவு வெளியானது. கர்ப்பத்தின் பாதி தாண்டியதிலிருந்து தினமும் சுமார் 1,000 கலோரி தருகிற வேர்க்கடலை பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களே சுட்ட பிஸ்கட் அது. பசிக் காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 201 கிராம் கூடியது. அறுவடைக் காலத்தில் பிறந்தவர்களுக்கு 94 கிராம்தான். அதே பிஸ்கட், அதே அளவு, ஆனால் பசிக் காலத்தில் இரண்டு மடங்கு பலன். வெறும் எடை மட்டுமில்லை, செத்துப் பிறக்கிற குழந்தைகளும் முதல் வாரத்திலேயே இறந்துபோகிற குழந்தைகளும் குறைந்தார்கள். அதே 1997-ல் கெனெபா வட்டாரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து இன்னொன்றும் கண்டார்கள். பசிக் காலத்தில் பிறந்தவர்கள், வளர்ந்து பெரியவர்களான பிறகு, இளம் வயதிலேயே இறந்துபோகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஒரு தாய் களையெடுத்த மாதத்தின் பசி அவள் பிள்ளையின் இருபது, முப்பது வயதில் போய்த் தெரிகிறது.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பசிக் காலத்தில்தான் உதவிக்கு இவ்வளவு மதிப்பு என்பதற்காகச் சொல்கிறேன். ஐந்தாவது மாதத்தில் இருக்கிற பெண்ணுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் சுமார் 285 கலோரி தேவை, கடைசி மூன்று மாதத்தில் 475. இது வயல் வேலைக்கு ஆகிற கூடுதலுக்கு மேலே. இரண்டு மாதமாக எடை கூடவில்லை என்றால் அவள் உடம்பும் குழந்தையும் இருக்கிற ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன. அவளை இந்த வாரம் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எடையும் ரத்தமும் பார்க்கட்டும், குழந்தையின் வளர்ச்சியை அளக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் சக்தியும் புரதமும் சேர்ந்த கூடுதல் உணவு வேண்டும் என்று கேளுங்கள். ஊட்டக்குறைவு பரவலாக உள்ள இடங்களில் கர்ப்பிணிகளுக்கு இதைத் தரச்சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது. குனிந்து செய்கிற வேலையிலிருந்தும் சுமை தூக்குவதிலிருந்தும் அவளை விடுவிக்க முடியுமா என்று 13 பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அவள் பங்கு வேலையை ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டால் இரண்டு வாரம் ஓடிவிடும்.

சத்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும், ரத்த சோகைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த மாத்திரையில் கலோரி கிடையாது. சாப்பாடு குறைந்ததால் போன எடையை அது திருப்பிக் கொடுக்காது. மாத்திரை கொடுத்தவர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் போன பிரச்சினை ஒன்று, அவர் கையில் இருந்த மருந்து இன்னொன்றுக்கானது.

பால் கொடுக்கிறவர்கள் யாராவது குழுவில் இருந்தால் அவர்களுக்கும் தினம் சுமார் 500 கலோரி கூடுதல் வேண்டும். "நன்றாகச் சாப்பிடு, பால் ஊறும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். கெனெபாவில் பால் கொடுக்கிற தாய்மார்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தபோது பாலின் அளவு கூடவில்லை. காரணம், அவர்கள் அரைப்பட்டினியில் இருந்தபோதும் பால் ஏற்கெனவே போதுமான அளவுக்கு வந்துகொண்டிருந்தது, தாயின் உடம்பைக் கரைத்தாவது குழந்தைக்குப் பால் வந்துவிடுகிறது. ஆகவே பால் கொடுக்கிற பெண்ணிடம் பாலுக்காகச் சாப்பிடு என்று சொல்லாதீர்கள், உனக்காகச் சாப்பிடு என்று சொல்லுங்கள்.

என்ன செய்யலாம் என்று இப்போது பார்ப்போம். முதலில், சாப்பிடுகிற நேரம். பெரும்பாலான பெண்கள் காலையில் ஏதோ ஒரு வாய் குடித்துவிட்டுப் போய், உச்சி வெயிலுக்குப் பிறகுதான் முதல் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அதற்குள் களைப்பும் வெயிலும் சேர்ந்து பசியையே கொன்றுவிடும். பாத்திரத்தைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்து, மீதியைச் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு எடுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களே செய்திருப்பீர்கள். கிளம்புவதற்கு முன் கொஞ்சமாவது, வேலை தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, நண்பகலுக்கு முன் ஒரு தடவை என்று பிரித்துச் சாப்பிட்டால் அதே சாப்பாடு முழுதாக உள்ளே போகும். அளவு குறைவாக இருக்கும்போது சக்தி செறிந்ததாக இருக்க வேண்டும். எண்ணெயில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, தானியத்திலும் பருப்பிலும் அதில் பாதிகூட இல்லை. ஒரு நாள் சாப்பாட்டில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாகச் சேர்ந்தாலே 250 கலோரிக்குப் பக்கம் வந்துவிடும், கூடுதல் தேவையில் பாதி. எண்ணெய் வித்துகள், பருப்பு, முட்டை, பால், எது கிடைக்கிறதோ அது. தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, அந்த எட்டு கிலோ. இதை அறுவடை அன்றைக்கே எடுத்து வைத்துவிட வேண்டும், விதையை எடுத்து வைப்பதுபோல. விதை என்பது நெருக்கடியில்கூட யாரும் கை வைக்காத ஒன்று, இல்லையா? 14 பேருக்கும் சேர்த்து 112 கிலோ. அதில் ஒரு பங்கைப் பருப்பாக வைத்தால் புரதமும் வரும், கணக்கு ஏறக்குறைய அதேதான். ஈரமும் பூச்சியும் படாத இடத்தில் குழுவின் பொறுப்பில் வைத்து, வேலை உச்சத்தில் இருக்கிற இரண்டு மாதத்தில் மட்டும் எடுங்கள். தனித்தனி வீட்டில் வைத்தால் முதலில் பிள்ளைகளுக்கும், பிறகு மற்றவர்களுக்கும் போய், கடைசியில் பானையின் அடியில் ஒட்டியிருப்பதுதான் உங்களுக்கு வரும். உங்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளை பசியோடு பார்க்கும்போது எந்தத் தாயால் தனியாக எடுத்து வைத்துச் சாப்பிட முடியும்? அதனால்தான் வயலிலேயே ஒரே அடுப்பில் சமைத்து எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது என்று சொல்கிறேன். தினம் ஒருத்தி களையெடுப்பை விட்டுவிட்டுச் சமைக்கட்டும், மற்றவர்கள் வீட்டில் விடியற்காலை ஒரு அடுப்பு வேலை குறையும், சமைக்கிறவளுக்கும் அன்றைக்கு முதுகு நிமிரும்.

வீட்டு ஆண்களிடம் பேசுங்கள். தண்ணீர் சுமக்கும் வேலையை அந்த இரண்டு மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டாலே பெரிய சக்தி மிச்சம். இதை உதவியாகக் கேட்க வேண்டாம், கணக்காகவே எடுத்து வையுங்கள். அந்த நோட்டைத் திறந்து, "இந்த மாதம் இவ்வளவு கரைந்திருக்கிறது" என்று காட்டுங்கள். தெரியாமல் இருப்பவர்கள்தான் அதிகம், மனசில்லாமல் இருப்பவர்கள் குறைவு என்பது என் அனுபவம். அப்புறம், குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது, மருத்துவர் சொல்கிற இடைவெளியில் குடற்புழு மாத்திரை, கொசுவலை, இதெல்லாம் மழை தொடங்குவதற்கு முன்பே தயாராக வேண்டும். சாப்பிட்டதை வயிற்றுப்போக்கும் புழுவும் கொண்டுபோய்விட்டால் எட்டு கிலோ போதாது.

நோட்டில் இனிமேல் ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்து எழுதுங்கள். மாதா மாத எடையோடு, ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு முந்தைய எடையைச் சிவப்பு மையில் தனியாக எழுதி, போன வருடத்துச் சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் குறைந்து ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், ஏறியது பழைய இடத்துக்கு வந்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை. சிவப்பு எண் இரண்டு கிலோ இறங்கியிருந்தால், அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எவ்வளவு சொன்னாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஒரே பருவத்தில் உடம்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போனவர்களுக்கும் அப்படியே. 47 கிலோவுக்கு அந்தக் கணக்கு 2.35 கிலோ, ஆகவே நீங்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். அக்காவையும் அந்தக் கர்ப்பிணியையும் கூட்டிப் போகும்போது உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், கர்ப்பிணியின் எடையையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து அதில் சேர்த்து அனுப்புங்கள்.